ஒரே கஸ்டமரை நம்பி ஓடும் மின் நிறுவனம்... ஷேர் வாங்கியவர்களுக்கு என்ன நடந்தது? நியூசிலாந்து கதை

2020 ஜூலை 9. நியூசிலாந்தின் தென்கோடியில் இருக்கும் டிவாய் பாயின்ட் அலுமினிய உருக்காலையை மூடப்போவதாக ரியோ டின்டோ நிறுவனம் அறிவித்தது. மூடப்போவது அலுமினிய ஆலை. ஆனால் அன்றைக்கு நியூசிலாந்து பங்குச்சந்தையில் பலத்த அடி விழுந்தது மெரிடியன் எனர்ஜி என்ற மின் உற்பத்தி நிறுவனத்துக்கு.

காரணம் சிம்பிள். அந்த நாடு பயன்படுத்தும் மொத்த மின்சாரத்தில் சுமார் எட்டில் ஒரு பங்கை இந்த ஒரே ஒரு ஆலை இழுக்கிறது. அதில் பெரும்பகுதியை விற்பது மெரிடியன்.

நீர்மின் நிறுவனம் என்றாலே 'சேஃப்' முதலீடு என்று சொல்பவர்கள் உண்டு. நிலக்கரி வாங்க வேண்டாம், கேஸ் வாங்க வேண்டாம், மழை பெய்தால் போதும், ஒரு தடவை கட்டிவிட்டால் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடும். எல்லாமே உண்மைதான். ஆனால் தயாரிக்கும் மின்சாரத்தை யார் வாங்குகிறார்கள் என்ற கேள்வியை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மெரிடியன் நல்ல உதாரணம்.

ஆலைக்காகவே கட்டப்பட்ட மின் நிலையம்

மானபோரி என்பது நியூசிலாந்தின் தென் தீவில் உள்ள ஓர் ஏரி. அதன் தண்ணீரை மலைக்குள் இறக்கி, பாறையைக் குடைந்து அமைத்த நிலத்தடி மின் நிலையத்தில் டர்பைன்களைச் சுழற்றி, சுமார் 10 கிலோமீட்டர் சுரங்கம் வழியாகக் கடலுக்கு அனுப்புகிறார்கள். 1960-களில் இந்தத் திட்டம் தொடங்கியதே அலுமினிய ஆலைக்கு மின்சாரம் கொடுக்கத்தான். ஆலை 1971-ல் உற்பத்தியைத் தொடங்கியது.

இடையில் ஒரு பெரிய போராட்டமும் நடந்தது. அதிக மின்சாரத்துக்காக ஏரியின் நீர்மட்டத்தை 30 மீட்டர் வரை உயர்த்த அரசு திட்டமிட, மக்கள் கொதித்தார்கள். 1970-ல் நாடாளுமன்றத்தில் கொடுக்கப்பட்ட மனுவில் 2,64,907 கையெழுத்துகள். அன்றைய மக்கள்தொகையில் கிட்டத்தட்ட பத்தில் ஒருவர்! ஏரி தப்பியது.

முதலீட்டாளருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கு. ஏரியின் மட்டத்தை இயற்கையான அளவுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்பதால் மானபோரியில் தண்ணீரைப் பெரிய அளவில் சேமித்துவைக்க முடியாது. விலை ஏறட்டும் என்று காத்திருக்க முடியாது. தண்ணீர் வரும்போது மின்சாரமாக்கி விற்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் அது சும்மா ஓடிப்போகும்.

வேறு யாருக்காவது விற்றால் என்ன?

இதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. நியூசிலாந்தில் மக்கள் அதிகம் வாழ்வது வட தீவில். மானபோரி இருப்பதோ தெற்கின் மூலையில். அங்கிருந்து மின்சாரத்தை மேலே கொண்டுபோக 2020-ல் தென் தீவின் கம்பிகளும் போதவில்லை. இரண்டு தீவுகளையும் இணைக்கும் கடலடிக் கேபிளுக்கும் ஓர் அளவு உண்டு. ஏற்கனவே மற்ற நீர்மின் நிலையங்களின் மின்சாரமும் அதே வழியில்தான் போகிறது. முழு வேகத்தில் ஓடும் அந்த ஆலை இழுப்பது 572 மெகாவாட். அவ்வளவு மின்சாரம் திடீரென்று மிச்சமானால், போக வழியில்லாமல் தெற்கிலேயே தேங்கும்.

தேங்கினால் என்ன ஆகும்? விலை விழும். இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கணும். ஆலை போனால் ஆலை கொடுத்த பணம் மட்டும்தானே போகும் என்று தோன்றும். அப்படி இல்லை. சந்தையில் மின்சாரம் மலிந்துவிட்டால், மெரிடியன் மற்றவர்களுக்கு விற்கும் ஒவ்வொரு யூனிட்டின் விலையும் சேர்ந்து இறங்கும். அதனால்தான் அன்றைக்கு கான்டாக்ட் எனர்ஜி என்ற இன்னொரு மின் நிறுவனத்தின் பங்கும் சரிந்தது. ஒரு கஸ்டமர் போகிறார் என்பதைவிட, மொத்தச் சந்தையின் விலையே மாறுகிறது என்பதுதான் பெரிய ஆபத்து.

சரி, ஆலைக்கு மட்டும் ரொம்ப வசதியா? அதுவும் இல்லை. ஒரு டன் அலுமினியம் எடுக்க சுமார் 14,000 யூனிட் மின்சாரம் தேவை. உருகிய உலோகம் சுமார் 960 டிகிரி செல்சியஸில் தொட்டிகளில் கொதித்துக்கொண்டே இருக்க வேண்டும். பல மணி நேரம் கரண்ட் போனால் எல்லாம் கட்டியாகிவிடும். மூடுவதென்றால் அரை நூற்றாண்டு கழிவுகளைச் சுத்தம் செய்யும் செலவு வேறு. ஆக இரண்டு பேரும் ஒருவரையொருவர் விட முடியாத நிலை. ஆனாலும் ரியோ டின்டோவுக்கு உலகின் வேறு நாடுகளிலும் ஆலைகள் உண்டு. மானபோரியைத் தூக்கிக்கொண்டு மெரிடியனால் எங்கும் போக முடியாது. பேரத்தில் யார் கை ஓங்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஷேர் விற்கும் நேரத்தில் வந்த பேரம்

மெரிடியன் அரசு நிறுவனமாக இருந்தது. அதன் 49 சதவீதப் பங்குகளை விற்க பிரதமர் ஜான் கீ அரசு முடிவு செய்தது. சரியாக அந்த நேரத்தில், 2012-ல், மின்கட்டண ஒப்பந்தத்தை மறுபடி பேச வேண்டும் என்று ஆலைத் தரப்பு கேட்டது. பேச்சு இழுத்துக்கொண்டே போக, கடைசியில் அரசே உள்ளே வந்தது. 2013 ஆகஸ்ட்டில் புதிய ஒப்பந்தம். அதோடு ஆலைக்கு அரசு கஜானாவிலிருந்து 3 கோடி நியூசிலாந்து டாலர், ஏறத்தாழ 150 கோடி ரூபாய்.

இரண்டே மாதத்தில், 2013 அக்டோபரில், மெரிடியன் பங்குச்சந்தைக்கு வந்தது. விலை 1.50 டாலர். அதையும் தவணையில் கட்டலாம்: முதலில் 1 டாலர், பாக்கி 50 சென்ட் 2015 மே மாதத்தில். சாதாரண மக்கள் ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள்.

அந்த ஒப்பந்தம் 2030 வரை என்று பேப்பரில் இருந்தது. கூடவே, முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து ஆலை விலகலாம் என்ற ஷரத்தும் இருந்தது. அப்படியென்றால் முதலீட்டாளர் நம்ப வேண்டிய தேதி 2030 இல்லை. நோட்டீஸ் காலம் முடியும் தேதிதான். 2020-ல் ரியோ டின்டோ பயன்படுத்தியது அந்த வழியைத்தான். 2021 ஆகஸ்ட்டில் கிளம்புகிறோம் என்றது.

கிளம்பியதா?

இல்லை. 2021 ஜனவரியில் மெரிடியன் விலையை இன்னும் குறைக்க, ஆலை 2024 டிசம்பர் வரை இருக்கச் சம்மதித்தது. ஆலையையும் அதைச் சார்ந்த தொழில்களையும் நம்பியிருந்த சவுத்லேண்ட் பகுதிக் குடும்பங்கள் பெருமூச்சு விட்டன.

ஆனால் இந்தச் சலுகையின் பில் யாருக்கு? இந்தக் கேள்வியைக் கேட்டது அந்நாட்டு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். ஆலைக்கு மலிவாகக் கொடுத்து அதை ஓட வைத்தால், சந்தையில் மிச்ச மின்சாரம் சேராது. மற்றவர்களுக்கான விலை இறங்காது. அதாவது, ஆலைக்குக் கொடுத்த தள்ளுபடியை வீட்டு மின்கட்டணம் கட்டுபவர் மறைமுகமாகச் சுமக்கிறாரா என்பதுதான் சந்தேகம். 2022-ல் இதுபோன்ற மிகப் பெரிய ஒப்பந்தங்களுக்குத் தனி விதியே கொண்டுவந்தார்கள். முதலீட்டாளர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒரு கோணம் இது. பெரிய கஸ்டமரைத் தக்கவைக்க நிறுவனம் எடுக்கும் முடிவு, அரசையும் ஆணையத்தையும் வாசலுக்குக் கொண்டுவந்துவிடும்.

2013-ல் பயந்து வாங்காமல் போனவர்கள் தப்பித்தார்களா? அதுவும் இல்லை. 1.50 டாலருக்கு விற்ற பங்கு பிற்பாடு மூன்று மடங்குக்கும் மேல் போனது. ஆபத்து எல்லாருக்கும் தெரிந்திருந்ததால், அது விலையிலேயே கழிக்கப்பட்டிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். தெரிந்த ஆபத்துக்குத் தள்ளுபடி கிடைக்கும். தெரியாமல் வாங்குபவர்தான் முழு விலை கொடுக்கிறார்.

2024 மே மாதம் கதை வேறு பக்கம் திரும்பியது. மெரிடியன், கான்டாக்ட், மெர்குரி என மூன்று நிறுவனங்களுடன் 2044 வரை 20 ஆண்டு ஒப்பந்தம் போட்டது ஆலை. மெரிடியன் ஒப்பந்தத்தில் ஓர் ஏற்பாடு: மழை பொய்த்து ஏரிகள் வற்றும்போது, மெரிடியன் கேட்டால் ஆலை தன் பயன்பாட்டை 185 மெகாவாட் வரை குறைக்க வேண்டும், அதற்கு மெரிடியன் பணம் கொடுக்கும். ஆலையே கிட்டத்தட்ட ஓர் அணை மாதிரி! அந்த வருடக் குளிர்காலத்திலேயே வறட்சி வந்து, மின்விலை எகிற, இந்த ஏற்பாட்டைப் பயன்படுத்த வேண்டியதாகிவிட்டது.

நம்ம ஊர் நிறுவனங்களில் எப்படிப் பார்ப்பது?

மின் நிறுவனம் என்று இல்லை, எந்த நிறுவனத்துக்கும் இதே கேள்வி பொருந்தும். ஒரே வாடிக்கையாளரிடமிருந்து மொத்த வருவாயில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால், அதை நிறுவனம் சொல்லியாக வேண்டும் என்கிறது இந்தியக் கணக்கியல் தரநிலை 108. ஆண்டறிக்கையின் பின்பகுதியில், 'செக்மென்ட்' தகவல்களுக்கான குறிப்பில் தேடிப் பாருங்கள். வாடிக்கையாளரின் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் மட்டும் இல்லை, தொகையைச் சொல்லணும். புதிதாக ஐபிஓ வரும் நிறுவனம் என்றால், விவரக்குறிப்பில் ஆபத்துகள் பற்றிய பகுதியில் இது பெரும்பாலும் முதல் சில பக்கங்களிலேயே இருக்கும். அங்கே ஒப்பந்தம் எத்தனை ஆண்டு என்பதோடு நிறுத்திவிடாமல், நோட்டீஸ் கொடுத்து விலகும் உரிமை யாருக்கு இருக்கிறது, எத்தனை மாத நோட்டீஸ் என்பதையும் படித்துவிடுங்கள்.