துச்சாதனன் முதல் குணசேகரன் வரை

செஞ்சி வட்டாரத்தில் கூத்துத் திடலிலும் டி.வி. முன்னாலும் உட்கார்ந்து பெண்கள் சொல்லும் தீர்ப்பு

பாரதக் கூத்தில் துகிலுரியும் கதை நடக்கும் ‘பகடை துகில்’ இரவில் துச்சாதனன் வேஷம் கட்டியவர் திரௌபதியின் சேலையில் சட்டென்று கை வைத்துவிட மாட்டார். விழுப்புரம், செஞ்சி, திருவண்ணாமலைப் பக்கத்துக் கூத்தில் இது எழுதாத விதி. மத்தளமும் தாளமும் அடங்கும். அதுவரை மீசையை முறுக்கி உறுமிக்கொண்டிருந்த ஆள் அப்படியே நின்று திரௌபதி அம்மன் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிடுவார். போட்டிருப்பது வெறும் வேஷம், இந்தப் பாவம் தன் தலையில் விடியக் கூடாது என்று தாயிடம் மன்றாடுவார். திரௌபதிக்குக் கற்பூரம் காட்டுவார்கள். அதற்குப் பிறகுதான் கை சேலைக்குப் போகும். அப்போதும் சில இரவுகளில் அந்த நடிகருக்கே உடம்பு நடுங்கி, மயங்கிச் சாய்ந்து, நாலு பேர் தாங்கிப் பிடிக்க வேண்டிவரும்.

எதிரே மண் தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் வாய்விட்டுத் திட்டுவார்கள். “பாவி”, “நாசமாப் போறவனே”, “உன் கை வெளங்குமா” என்று இருட்டிலிருந்து குரல்கள் வரும். முந்தானை கண்ணுக்குப் போகும். திரௌபதியாக நிற்பவர் ஓர் ஆண் என்பது அத்தனை பேருக்கும் தெரியும். சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் அவர் பீடி பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். தெரிந்துதான் அழுகிறார்கள்.

‘படிக்காத சனம், வேஷம் எது, நிஜம் எது என்று புரியாது’ என்று இந்த அழுகையை ஒதுக்கிவிடுவது நெடுங்கால வழக்கம். இன்றைக்கு அதே பேச்சு சீரியல் பார்க்கும் பெண்கள் மேல் திரும்பியிருக்கிறது. இது பெரும் அநியாயம். வில்லனைத் திட்டுகிறவர்களுக்கு வேஷமும் தெரியும், நியாயமும் தெரியும். பஞ்சாயத்துத் திண்ணையில் வாய் திறக்க இடம் கிடைக்காத பெண்கள், ஊரறியத் தீர்ப்புச் சொல்லத் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட இடம் அது.

சிரிப்பு எழுதிய மன்னன், அழுகை வளர்த்த ஊர்கள்

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் இருக்கிறது மண்டகப்பட்டு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து எடுத்த கோயில் இங்கேதான் உள்ளது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் சேராமல் பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் விசித்திரசித்தன் எடுத்த கோயில் என்று கல்வெட்டு பேசுகிறது. இரண்டு பக்கமும் தடி ஊன்றிய வாயிற்காவலர்கள் நிற்கிறார்கள்.

இதே மன்னன் ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்ற நகைச்சுவை நாடகத்தையும் எழுதியவன். காஞ்சிபுரத் தெருவில் போதையில் திரியும் காபாலிகன் ஒருவன் தன் கபால ஓட்டைத் தொலைத்துவிட்டு பௌத்தத் துறவி மேல் பழி போடுவான். ஓட்டைக் கவ்விப் போனது நாய் என்று கடைசியில் தெரியவரும். வடமொழியும் பிராகிருதமும் தெரிந்த சபை ரசித்துச் சிரிக்க எழுதப்பட்ட நாடகம் அது.

அந்தப் பாறையைச் சுற்றியுள்ள ஊர்கள் காலப்போக்கில் தங்களுக்கென்று வளர்த்துக்கொண்ட மேடை வேறு; அது திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்து. செஞ்சியை அடுத்த மேலச்சேரி திரௌபதி அம்மன் கோயிலே இந்த வழிபாட்டுக்கு ஆதி இடம் என்பது பக்தர்களின் நம்பிக்கை. செஞ்சியை ஆண்ட சுனீதன் என்ற மன்னனுக்கு உதவ, திரௌபதி நெருப்பிலிருந்து மறுபடியும் தோன்றினாள் என்று இங்கே கதை உண்டு. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைடல் திரௌபதி வழிபாட்டைப் பற்றி எழுதிய பெருநூலின் முதல் தொகுதி 1988இல் வந்தபோது, ‘செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை’ என்றுதான் அதற்குத் துணைத்தலைப்பு வைத்தார். பாரதப் போர் நடந்த களத்துக்குச் சமமாக ஒரு தமிழ் ஊரின் பெயர் அந்த அட்டையில் நிற்கிறது.

திருவிழா நாட்களில் பகலில் பாரதப் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்வார். இரவு பத்து மணிக்கு மேல் கூத்து தொடங்கி விடிய விடிய நடக்கும். கோயிலில் அதற்கேற்ற சடங்குகள் தனியே நடந்துகொண்டிருக்கும். திரௌபதி கல்யாணம், பகடை துகில், அர்ஜுனன் தபசு, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று இரவுக்கு ஒரு கதையாக நகரும். பகலில் காதால் கேட்டதை ராத்திரி கண்ணால் பார்க்கிறார்கள். அடுத்து என்ன நடக்கும் என்பது பாட்டியின் மடியில் படுத்திருக்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும். முடிவு தெரிந்த கதைக்கு மனிதர்கள் ஏன் இப்படி அழ வேண்டும் என்பது யோசிக்க வேண்டிய கேள்வி.

கட்டியக்காரன் கற்றுத்தரும் பார்வை

கூத்து தன் பார்வையாளரை ஏமாற்றுவதே இல்லை. துரியோதனன் வரும்போது இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிப்பார்கள். அதற்குப் பின்னால் நின்று அவர் பாடுவார். கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்தவை. திரை விலகியதும் கட்டியக்காரன் அவரை நிறுத்தி, யார் நீ, எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று விசாரிப்பான். ராஜாவின் வேலைக்காரனாக நின்றுகொண்டே ராஜாவைக் கிண்டலடிப்பான். நடுவில் யாராவது பத்து ரூபாயோ நூறு ரூபாயோ கொடுத்தால் கதையை அப்படியே நிறுத்திவிட்டு, இன்னார் மகன் இன்னார் தந்த அன்பளிப்பு என்று அறிவிப்பான். அடுத்த நொடி மத்தளம் எழும், அஸ்தினாபுரம் மறுபடியும் வந்துவிடும்.

இப்படி இரவெல்லாம் கதைக்குள்ளும் வெளியிலும் போய் வந்து பழகியவர்களிடம், வேஷத்தை நிஜம் என்று நம்புகிறாய் என்று சொல்வதில் என்ன பொருள் இருக்கிறது? கட்டையும் அரிதாரமும் கண்ணுக்கு எதிரே இருக்க, சபையில் ஒரு பெண்ணுக்கு நடந்த அவமானத்தைப் பற்றித்தான் அவர்கள் பேசுகிறார்கள். பீஷ்மரும் துரோணரும் விதுரரும் உட்கார்ந்திருந்த சபை அது. ‘இத்தனை பெரிய மனுஷங்க இருந்தும் ஒருத்தருக்கும் வாய் வரலையே’ என்பதுதான் பகடை துகில் பார்க்கும் பெண்களின் ஆற்றாமை. அந்தச் சபை எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சொந்த ஊரிலேயே பார்த்திருக்கிறார்கள்.

படுகளத்தில் மாறும் கண்ணீர்

கடைசி நாள் படுகளம். திடலில் துரியோதனனை மல்லாந்து கிடக்கும் கோலத்தில் மண்ணால் செய்திருப்பார்கள். 30, 40 அடி நீளம், சில ஊர்களில் அதற்கும் மேல். வண்ணம் பூசி, கிரீடம் வைத்து, கையில் ஆயுதம் கொடுத்திருப்பார்கள். வீமன் வேஷக்காரரும் துரியோதனன் வேஷக்காரரும் அந்த உருவத்தைச் சுற்றி ஓடி, ஏறி, மோதிக்கொள்வார்கள். தொடையில் அடி விழும். அங்கே வைத்திருக்கும் செந்நீர் பெருகும். அதைத் தொட்டுத் திரௌபதிக்குக் கூந்தல் முடிப்பார்கள். துகில் உரிந்த இரவிலிருந்து விரித்துப் போட்ட கூந்தல் அது. அந்த நேரத்தில் கூட்டத்தில் பல பெண்களுக்கு அருள் வரும்.

அதோடு முடிந்துவிடாது என்பதுதான் இந்தக் கலையின் பெருமை. துரியோதனன் மனைவி பெருந்திருவாளோ, சில ஊர்களில் தாய் காந்தாரியோ, முறமும் துடைப்பமும் ஏந்தி வந்து விழுந்து கிடப்பவனைச் சுற்றி ஒப்பாரி வைப்பாள். அத்தனை இரவும் அவனைச் சபித்த பெண்கள் இப்போது அவளோடு சேர்ந்து அழுவார்கள். கூட்டம் கலையும்போது அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துப் போகிறவர்களும் உண்டு. நெல் குதிரில் போட்டால் வீடு நிறையும் என்பது நம்பிக்கை.

குற்றத்துக்குத் தண்டனை கொடுத்தார்கள். செத்தவனுக்கு அழவும் செய்தார்கள். பகையையும் இரக்கத்தையும் தனித்தனியாக வைத்துப் பார்க்கத் தெரிந்தவர்களை அறியாத சனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

செஞ்சிக்கு இது பழக்கமான குணம்தான். 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் பெரும்படையை எதிர்த்து மாண்ட தேஜ்சிங்கை ‘தேசிங்கு ராஜன்’ என்று கதைப்பாட்டிலும் கூத்திலும் இந்த மண் வைத்துக்கொண்டது. மாதக்கணக்கில் மட்டுமே ஆண்ட இளைஞன் அவன். கோட்டையை வென்றது நவாப். சனத்தின் கண்ணீரை வென்றது தேசிங்கும், அவனோடு மாண்ட தோழன் மோவுத்துக்காரனும், நீலவேணிக் குதிரையும். ஆவணத்தில் ஒரு முடிவு, ஊர் வாயில் இன்னொரு முடிவு.

குணசேகரனும் மாரிமுத்துவும்

2006இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியபோது, கிராமத்து வீடுகளுக்குள் இரவு ஏழு மணிக்கு ஒரு மேடை வந்து சேர்ந்தது. ‘சித்தி’, ‘மெட்டி ஒலி’, ‘கோலங்கள்’ என்று ஏற்கெனவே பேர் வாங்கியிருந்த நெடுந்தொடர்கள் குடிசை வரைக்கும் பரவின. கூத்துத் திடலில் கேட்ட அதே குரல்களை வீட்டு நடையில் கேட்க முடிந்தது. மாமியாரைத் திட்டுவதும், கட்டிக் கொடுத்த இடத்தில் அடி வாங்கும் பெண்ணைப் பார்த்து “எழுந்து வாடி வெளிய” என்று பெட்டியோடு பேசுவதும் அன்றாடக் காட்சி.

இதன் உச்சம் 2022 பிப்ரவரியில் சன் டி.வி.யில் தொடங்கிய ‘எதிர்நீச்சல்’. திருச்செல்வம் இயக்கிய அந்தத் தொடரில் ஆதி குணசேகரன் மூத்த அண்ணன். படித்த பெண்களை வீட்டுக்கு மருமகள்களாகக் கொண்டுவந்து, அடுப்படியை விட்டு நகர விடாமல் வைத்திருப்பவன். ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி என்று நான்கு பெண்கள் அவனுக்குக் கீழே. அப்பத்தாவின் நாற்பது சதவீதப் பங்கு கையை விட்டுப் போகிறது என்றதும் அவன் ஆடும் ஆட்டத்தைத் தமிழ்நாடே பேசியது. அவன் பேச்சைப் பார்த்து, “எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு, இதே வாய்” என்று சொன்ன பெண்கள் எத்தனையோ பேர். பெயர் சொல்லித் திட்ட முடியாத ஆளைத் திட்ட அவர்களுக்கு ஒரு பெயர் கிடைத்தது.

2023 செப்டம்பர் 8ஆம் தேதி காலை, அந்தத் தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு வந்து, குணசேகரனாக நடித்த மாரிமுத்து இறந்தார். தேனி மாவட்டத்துக்காரர், ‘கண்ணும் கண்ணும்’, ‘புலிவால்’ படங்களின் இயக்குநர். முந்தின நாள் வரை குணசேகரனைத் திட்டித் தீர்த்த வீடுகளில் அன்று அழுதார்கள். நல்ல மனுஷன், கஷ்டப்பட்டு மேலே வந்தவர் என்று பேசிக்கொண்டார்கள். நடிகர் வேறு, பாத்திரம் வேறு என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. பிறகு அந்த வேஷத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். திட்டு மறுபடியும் குணசேகரனுக்கே போனது. படுகளத்தில் துரியோதனனுக்கு அழுதுவிட்டு, மறு வருஷம் பகடை துகிலில் அவனைச் சபிக்கும் அதே மனப்பக்குவம்.

பிரேசிலும் செஞ்சியும்

இது நமக்கு மட்டும் உரிய சங்கதி என்று நினைக்க வேண்டாம். பிரேசிலில் இரவு நேர நெடுந்தொடருக்கு ‘நோவெலா’ என்று பெயர். ராணுவ ஆட்சி 1985இல் விலகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த நேரம், ‘வாலி டூடோ’ என்ற தொடர் வந்தது. பணத் திமிர் பிடித்த ஒடெட்சி ரொய்ட்மன் பாத்திரம் 1988 டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டதும், கொன்றது யார் என்ற கேள்வியே நாடு முழுக்கப் பேச்சானது. ஜனவரியில் கடைசிப் பகுதியில்தான் விடை சொன்னார்கள். ஊழல் செய்த இன்னொருவன் விமானத்தில் ஏறித் தப்பி, நாட்டைப் பார்த்துக் கையால் கேலி காட்டிவிட்டுப் போவான். பார்த்தவர்களுக்கு யாரைச் சொல்கிறார்கள் என்று விளங்கியது.

2012இல் ‘அவெனிடா பிரேசில்’. சின்னப் பெண்ணைக் குப்பைமேட்டில் தள்ளிவிட்ட சித்தி கார்மின்யாவை நாடே சபித்தது, ரசிக்கவும் செய்தது. அக்டோபர் 19ஆம் தேதி கடைசிப் பகுதி ஒளிபரப்பான இரவில் பெருநகரத் தெருக்களில் ஆள் நடமாட்டம் குறைந்தது. அதிபர் தில்மா ரூசெஃப் பேசவிருந்த தேர்தல் கூட்டத்தின் நேரத்தையே அதற்காக மாற்றிக்கொண்டதாக அப்போது செய்தி வந்தது.

பொருளாதார அறிஞர்கள் ராபர்ட் ஜென்சனும் எமிலி ஆஸ்டரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, கேபிள் டி.வி. நுழைந்த இந்தியக் கிராமங்களைப் பற்றியது. அவர்கள் எடுத்துக்கொண்ட மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. கேபிள் வந்த இடங்களில், கணவன் அடிப்பது சரிதான் என்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள். ஆண் குழந்தைதான் வேண்டும் என்ற பிடிவாதமும் தளர்ந்தது. இதில் சீரியலின் பங்கு மட்டும் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனாலும் பெட்டி முன்னால் உட்கார்ந்த பெண்கள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

முடிவு கேட்கும் உரிமை

கூத்துக்கும் நோவெலாவுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. இரண்டும் முடியும். நோவெலா பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள் கதையைக் கட்டிவிடும். கூத்தில் இத்தனையாவது நாள் துரியோதனன் விழுவான், கூந்தல் முடியப்படும் என்று முன்கூட்டியே குறித்துவிட்டார்கள். நம்முடைய நெடுந்தொடர்களில் அந்த நாள் வருவதே இல்லை. ‘கோலங்கள்’ 1,500 பகுதிகளைத் தாண்டியது. ‘எதிர்நீச்சல்’ 2024 ஜூனில் முடிந்து, டிசம்பரில் ‘தொடர்கிறது’ என்று திரும்பி வந்தது. விளம்பரமும் டி.ஆர்.பி.யும் இருக்கிற வரை வில்லன் சாகக் கூடாது, மருமகள் கண்ணீர் வற்றக் கூடாது. துகில் உரிவதை ஆயிரம் இரவு காட்டிவிட்டுப் படுகளத்தைக் காட்டாமல் போனால், பார்க்கிறவர்கள் அவமானத்துக்குப் பழகிப்போவார்கள். சீரியல் மேல் வைக்க வேண்டிய குற்றச்சாட்டு இதுதான். பார்க்கிற பெண்கள் மேல் வைக்க ஒன்றும் இல்லை.

கதை எழுதுகிறவர்களே, அடியையும் அவமானத்தையும் காட்டினால் அதற்குக் கணக்குத் தீர்க்கும் நாளையும் குறித்துவிட்டு எழுதத் தொடங்குங்கள். வீட்டில் உள்ள ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. ரிமோட்டைப் பிடுங்கி நியூஸுக்கு மாற்றுவதற்கு முன்னால் ஒரு முறை, குணசேகரன் செய்ததில் எது பெரிய தப்பு என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அம்மா சொல்லும் கணக்கில் நம் வீட்டு விவகாரமும் ஒன்றிரண்டு வரும். அதையும் முழுதாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.