உங்களுக்குத் தெரியுமா? ஐந்தரைக் கட்டைக் குரல்கள்

★ போடி பக்கத்துப் பொட்டிபுரம் என்றால் வெளியூர்க்காரர்கள் நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தைத்தான் கேட்பார்கள். போடி வட்டாரத்தில் கோயில் திருவிழா வந்துவிட்டால் பேச்சே வேறு: “இந்த வருஷம் வள்ளி யாரு, பபூன் யாரு?” விடிய விடிய நடக்கும் ‘வள்ளி திருமணம்’ சங்கரதாஸ் சுவாமிகள் எழுதியது. அவர் 1922-இல் மறைந்தார். நாடகம் இன்னும் ஓடுகிறது.

★ ‘ஸ்பெஷல் நாடகம்’ எனப்படும் இந்த வகைக்கு ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் நடிகர் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் நடிகை இன்னோர் ஊர். பல சமயம் மேடையில்தான் முகம் பார்த்துக்கொள்வார்கள். முருகனும் வள்ளியும் மணிக்கணக்கில் தர்க்கம் செய்வது எப்படி என்கிறீர்களா? கதையும் பாட்டும் இருவருக்கும் மனப்பாடம். மீதி ஹார்மோனியக்காரர் சாமர்த்தியம்.

★ ஹார்மோனியத்தில் சுருதியைக் ‘கட்டை’ என்று சொல்வோம். கச்சேரியில் ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டையை ஒட்டியும், பெண்கள் ஐந்தை ஒட்டியும் பாடுவார்கள். நாடக நடிகர் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா ஆணாக இருந்தும் பாடியது ஐந்தரைக் கட்டை! மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்காரனுக்கும் கேட்க வேண்டுமே.

★ அவருக்கு ஈடுகொடுத்த பெண் குரல், 1908-இல் பிறந்த கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள். ரயிலில் பாடிய ஏழைச் சிறுமியை நாடக ஆர்வலர் எஃப்.ஜி. நடேசய்யர் கண்டெடுத்தார் என்பது ஒரு கதை. போலீஸ் அதிகாரி ஒருவர் நாடகக் கம்பெனியில் சேர்த்துவிட்டார் என்பது இன்னொரு கதை. எது உண்மையானாலும், சிபாரிசு செய்தது குரல்தான்.

★ இருவரும் இலங்கை மேடையில் சேர்ந்தார்கள், 1927-இல் மணந்தார்கள். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி உண்டு. பிணக்கு, பிரிவு, கடிதங்கள் என்று போன வாழ்க்கை 1933 டிசம்பரில் கிட்டப்பாவின் மரணத்தோடு முடிந்தது. அப்போது கிட்டப்பாவுக்கு வயது 27, சுந்தராம்பாளுக்கு 25. அதன் பிறகு அவர் உடுத்தியது வெள்ளைச் சேலை. எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார்.

★ அந்த முடிவோடு சினிமாவில் என்ன வேடம் போடுவது? ஆண் வேடம்தான்! ‘நந்தனார்’ (1935) படத்தில் நந்தனே அவர்தான். எதிரே வேதியராக சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். நடிக்க மனமில்லாமல், கேட்டவர்களை விரட்டத்தான் ஒரு லட்ச ரூபாய் என்றாராம். தயாரிப்பாளர் அசன்தாஸ் சரி என்றுவிட்டார். ஒரு சவரன் முப்பது ரூபாய்க்குள் இருந்த காலம் அது. அன்றைய விலையில் மூவாயிரம் சவரனுக்கு மேல்! இன்றைய நாயகிகள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

★ கடல் கடந்தால், மைக் இல்லாமல் அரங்கை நிறைத்த இன்னொரு பெண்: ருமேனியாவில் டான்யூப் நதிக்கரை பிராய்லாவில் 1860-இல் பிறந்த ஹரிக்லேயா டார்க்லே. ஓபெரா என்பதும் பாட்டாலேயே கதை சொல்லும் நாடகம்தான். உச்ச சுருதியில் பாடும் பெண்ணை அங்கே சொப்ரானோ என்பார்கள். இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் ‘டோஸ்கா’ 1900 ஜனவரி 14 அன்று ரோமில் அரங்கேறியபோது டோஸ்காவாக நின்றவர் டார்க்லேதான். தாமதமாக வந்தவர்கள் போட்ட சத்தத்தில் தொடக்கத்திலேயே நிறுத்தி, மறுபடி ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. கூட்டம் எங்கேயும் கூட்டம்தான்! இத்தனை புகழ் பெற்றவர் 1939-இல் புக்கரெஸ்டில் இறந்தபோது கையில் காசில்லை.

★ மறுபடி கொடுமுடிக்கு வருவோம். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி அழைக்க, அக்கட்சி மேடைகளிலும் பாடினார் சுந்தராம்பாள். 1951-இல் சென்னை மாநில மேலவை உறுப்பினரானார். திரைக்கலைஞர் ஒருவர் சட்டமியற்றும் அவைக்குள் போனது இந்தியாவிலேயே அதுதான் முதல் முறை என்கிறார்கள்.

★ ஜெமினியின் ‘ஔவையார்’ (1953) வந்தபோது அந்தக் கிழவிக்கு உண்மையில் 45 வயதுகூட ஆகவில்லை. 1965-இல் ‘திருவிளையாடல்’ படத்தில் மறுபடி ஔவை. கோபித்துக்கொண்ட முருகனைச் சமாதானப்படுத்தும் அந்தப் பாட்டு இன்றும் பழனிப் பாதயாத்திரைக்காரர்கள் காதில் விழாமல் இருக்காது.

★ அறுபதை ஒட்டிய வயதில், ‘துணைவன்’ (1969) படப் பாடலுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது. 1970-இல் பத்மஸ்ரீ. நடிக்கவே மாட்டேன் என்று லட்ச ரூபாய் கேட்டவர், கொடுமுடியில் சொந்தமாகச் சினிமா தியேட்டரே கட்டினார்.