துட்டன்காமுன் இன்னும் அங்கேதான் இருக்கிறார்

எகிப்தின் லக்சர் நகருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையில், புல்பூண்டு முளைக்காத சுண்ணாம்புக்கல் மலைகளுக்கு நடுவே இருக்கிறது அரசர்களின் பள்ளத்தாக்கு. அறுபதுக்கும் மேற்பட்ட கல்லறைகளும் குழிகளும் இங்கே மலையைக் குடைந்து அமைக்கப்பட்டிருக்கின்றன. பொது நுழைவுச்சீட்டுடன் அவற்றில் சிலவற்றைப் பார்க்கலாம். துட்டன்காமுனின் கல்லறைக்கு மட்டும் தனியாக இன்னொரு சீட்டு வாங்கவேண்டும்.

அப்படி வாங்கி உள்ளே இறங்குபவர்களில் பலர் முதலில் ஏமாற்றமடைகிறார்கள். பதினாறு படிகள், சரிவான ஒரு வழி, பிறகு நான்கு சிறிய அறைகள். அவ்வளவுதான். அதே பள்ளத்தாக்கிலுள்ள முதலாம் சேத்தியின் கல்லறை நூறு மீற்றருக்கும் மேலாக மலைக்குள் நீள்கிறது. இங்கே ஓவியம் இருப்பது ஒரே ஓர் அறையில். தங்க முகமூடி இல்லை, தேர்கள் இல்லை, கட்டில்கள் இல்லை. உள்ளே இருந்த 5,000க்கும் மேற்பட்ட பொருட்கள் கெய்ரோவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுவிட்டன. துட்டன்காமுன் பதினெட்டு, பத்தொன்பது வயதில் இறந்தார். தனக்கான பெரிய கல்லறை முடிவதற்குள் அவர் இறந்ததால், வேறு யாருக்கோ வெட்டப்பட்ட சிறிய கல்லறை அவருக்கு ஒதுக்கப்பட்டது என்பது ஆய்வாளர்களிடையே நிலவும் பொதுவான கருத்து.

பொருட்கள் போனாலும், அவர் போகவில்லை. 2007ஆம் ஆண்டிலிருந்து அவரது உடல் முன்னறையில், வெப்பநிலை கட்டுப்படுத்தப்பட்ட கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. கறுத்துச் சுருங்கிய முகமும் பாதங்களும் மட்டும் தெரிய, மற்றதெல்லாம் துணியால் மூடப்பட்டிருக்கிறது. ஏனைய புகழ்பெற்ற அரசர்களின் உடல்கள் பெரும்பாலும் கெய்ரோவிலுள்ள ஓர் அருங்காட்சியகத்தில் இருக்க, இவர் தன்னை வைத்த இடத்திலேயே இருக்கிறார்.

இவரது பெயரை அழிக்கவே முயன்றார்கள் என்பதை இங்கே நினைவில் வைத்திருக்கவேண்டும். இவருக்கு முன் ஆண்ட அகனாத்தன், பழைய தெய்வங்களை ஒதுக்கி அத்தன் என்ற சூரிய வட்டை மட்டும் வழிபடச் செய்தவர். துட்டன்காமுன் பழைய வழிபாட்டுக்குத் திரும்பியும்கூட, பின்வந்தவர்கள் அந்தக் காலத்தையே வரலாற்றிலிருந்து நீக்கினார்கள். அபைடோஸ் கோயிலில் முதலாம் சேத்தி பொறித்த அரசர் பட்டியலில் இவர் பெயர் இல்லை. பண்டைய எகிப்தியருக்குப் பெயர் என்பது மனிதரின் ஒரு பகுதி. பெயரை அழிப்பது ஒருவரை மறுபடி கொல்வதற்குச் சமம்.

ஆனால், மறதியே இவரைக் காப்பாற்றியது. அடக்கம் முடிந்த சில காலத்துக்குள் திருடர்கள் நுழைந்திருந்தாலும், பின்னர் வாசல் இடிபாடுகளுக்கு அடியில் மறைந்துபோனது. அதற்கு மேலேயே, ஆறாம் ரம்சேஸின் கல்லறையை வெட்டிய காலத்தில் தொழிலாளர்கள் குடிசைகள் கட்டினார்கள். 1922 நவம்பர் 4ஆம் திகதி, பிரித்தானியரான ஹவார்ட் கார்ட்டரின் எகிப்தியத் தொழிலாளர்கள் முதற்படியைக் கண்டுபிடிக்கும்வரை அங்கே என்ன இருக்கிறதென்று எவருக்கும் தெரியவில்லை.

கண்டுபிடித்தவர்கள் உடலை மரியாதையாக நடத்தினார்கள் என்று சொல்லமுடியாது. அடக்கத்தின்போது ஊற்றப்பட்ட பிசின் இறுகி, உடல் சவப்பெட்டியோடு ஒட்டியிருந்தது. 1925இல் அதை எடுக்கும்போது தலையும் கைகால்களும் துண்டிக்கப்பட்டன. பின்னர் அவை மணற்தட்டில் ஒழுங்காக அடுக்கப்பட்டுத் திரும்ப வைக்கப்பட்டன. கண்ணாடிப் பெட்டியைப் படம்பிடிக்கும் பலருக்கு இது தெரியாது.

அடுத்த பாதிப்பு எங்களைப் போன்ற பார்வையாளர்களால் வருவது. உள்ளே வரும் ஒவ்வொருவரும் ஈரப்பதத்தையும் கரியமில வாயுவையும் தூசியையும் கொண்டுவருகிறார்கள். 2009 முதல் 2019 வரை எகிப்திய அதிகாரிகளும் கெட்டி பாதுகாப்பு நிறுவனமும் சேர்ந்து ஓவியங்களைத் துப்புரவாக்கி, காற்றோட்ட வசதியும் புதிய பார்வை மேடையும் அமைத்தன. சுவர்களிலுள்ள மண்ணிறப் புள்ளிகள் பரவுகின்றனவா என்ற அச்சம் இருந்தது. 1920களின் புகைப்படங்களோடு ஒப்பிட்டபோது அவை வளரவில்லை என்று தெரிந்தது. மூலக் கல்லறையின் சுமையைக் குறைக்க, 2014இல் அச்சு அசலான பிரதியொன்று கார்ட்டரின் வீட்டருகே திறக்கப்பட்டது.

பள்ளத்தாக்குக்குச் செல்லும் வழியில், மலைச்சரிவில் வெறுமையான ஓர் இடம் தெரியும். அது பழைய குர்னா கிராமம். பிரபுக்களின் கல்லறைகளுக்கு மேலேயே தலைமுறைகளாக வீடு கட்டி வாழ்ந்த மக்கள், அகழ்வுகளில் கூலிவேலையும் செய்தவர்கள். 1940களில் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபதி அவர்களுக்கெனப் புதிய கிராமமொன்றைக் கட்டினார். பெரும்பாலானோர் போக மறுத்தார்கள். 2006இன் இறுதியில் தொடங்கி வீடுகள் இடிக்கப்பட்டன, மக்கள் வேறிடத்தில் குடியமர்த்தப்பட்டார்கள். தொல்லியலைக் காக்க அது அவசியம் என்றது அரசு. இறந்தவர்களைப் பாதுகாக்க உயிருள்ளவர்களை எழுப்பிய கதையும் அந்த மலையில்தான் இருக்கிறது. சுற்றுலாப் பேருந்துகள் அங்கே அதிகம் நிற்பதில்லை.

பண்டைய எகிப்தியக் கல்லறைகள் சிலவற்றில் வழிப்போக்கருக்கு ஒரு வேண்டுகோள் பொறிக்கப்பட்டிருக்கும். இறந்தவருக்காகப் படையல் வேண்டுதலைச் சொல்லிவிட்டுப் போங்கள், அதற்கு உங்கள் வாயின் மூச்சு மட்டும் போதும் என்பது அதன் சாரம். அவரைப் பார்க்கப் போகிறவர்கள் சுவரைத் தொடாமல், பிளாஷ் அடிக்காமல், கொஞ்ச நேரம் நின்று அவர் பெயரைச் சொல்லிவிட்டு வரலாம்.