மலிவான பயணச்சீட்டா? சற்றுப் பொறுங்கள்!

சென்ற டிசம்பர் விடுமுறையில் தோழியுடன் கரீபியத் தீவான குவாதலூப்புக்குச் சென்றேன். அமெரிக்கா வழியாகச் செல்லும் பயணச்சீட்டு மலிவாகக் கிடைத்தது. பணம் செலுத்தும் நேரத்தில்தான் கவனித்தோம். சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருக்கும் எனக்கு 'எஸ்டா' இணைய அனுமதி போதும். மலேசியரான தோழிக்கோ, அங்கு விமானம் மாறுவதற்குக்கூட அமெரிக்க விசா தேவை. அவசரப்பட்டிருந்தால், பகுதிநேர வேலையில் அவள் சேர்த்த பணம் வீணாகியிருக்கும்.

எனவே பாரிஸ் வழியாகச் சென்றோம். சிங்கப்பூரிலிருந்து செல்லும் விமானம் சார்ல்ஸ் டி கால் நிலையத்தில் இறங்கும். தீவுக்குச் செல்லும் விமானங்கள் பலவும் நகரின் மறுபுறத்திலுள்ள ஓர்லி நிலையத்திலிருந்து புறப்படும். இடையில் ஐந்து மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

குவாதலூப் பிரான்சின் ஒரு பகுதி, நாணயம் யூரோ. ஆனால், ஷெங்கன் வட்டாரத்துக்குள் வராது. அதனால் நுழைவு விதிகளைத் தனியாகச் சரிபாருங்கள். ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்துகள் குறைவு. பேச்சு பிரெஞ்சிலும் கிரியோலிலும்தான். சில பிரெஞ்சுச் சொற்களையாவது கற்றுச் செல்லுங்கள்.

1854 முதல் இங்குள்ள கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்தனர். அவர்களில் தமிழர்களும் பலர். கப்பெஸ்தேர் ஊரிலுள்ள சாங்கி கோயிலின் வண்ணக் கோபுரத்தைக் கண்டதும் தோழி பேச்சின்றி நின்றாள். அந்த மலிவுச் சீட்டை வாங்கியிருந்தால், அங்கு நான் மட்டும்தான் நின்றிருப்பேன்.

சீட்டு வாங்குமுன் உங்கள் கடப்பிதழை மட்டுமல்ல, உடன் வருபவரின் கடப்பிதழையும் பாருங்கள்.