இதழ்களில் ‘சுதேசி’

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்த தமிழ் இதழ்களைப் படிக்கும் ஒருவர், ‘சுதேசி’ என்னும் சொல்லைக் காணும் இடமெல்லாம் ‘உள்நாட்டுப் பொருள்’ என்று கொண்டால் பல இடங்களில் தடுமாற நேரும். தன் நாடு என்னும் பொருளுடைய ‘சுதேசம்’ என்ற வடசொல்லின் வழி வந்த இச்சொல், எழுதியவர் யார், எந்த ஆண்டில் எழுதினார், இதழின் எப்பக்கத்தில் எழுதினார் என்பவற்றிற்கேற்ப வேறுவேறு பொருள் தந்தது.

ஆங்கிலேய அதிகாரிகள் இந்தியரை ‘நேட்டிவ்’ என்று குறித்தனர். அச்சொல்லில் ஓர் இளக்காரம் இருந்தது. அதற்கு ஈடாகத் தமிழில் ‘சுதேச’ என்னும் அடைமொழி வழங்கியது. சுதேச வைத்தியம், சுதேசக் கிறித்தவர், சுதேச சமஸ்தானம் ஆகிய தொடர்கள் அவ்வகையின. ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் தொடங்கிய தம் இதழுக்குச் ‘சுதேசமித்திரன்’ என்று பெயரிட்டார். தன் நாட்டின் நண்பன் என்பது அதன் பொருள். ஆள்வோர் வாயில் இழிவாக ஒலித்த கருத்து, இங்கே உறவும் உரிமையுமாக மாறியது.

வங்கப் பிரிவினையை எதிர்த்து 1905 ஆகஸ்டு 7 அன்று கல்கத்தா நகர மண்டபத்தில் கூடியோர் அந்நியப் பொருள்களை விலக்குவதெனத் தீர்மானித்தனர். அதன்பின் இச்சொல்லுக்குப் புதிய வேகம் பிறந்தது. 1906இல் சென்னையில் தொடங்கப்பெற்று, பாரதியார் ஆசிரியப் பணியாற்றிய ‘இந்தியா’ இதழில் ‘சுதேசி’ என்பது பொருளை மட்டும் குறிக்கவில்லை. ஒரு கொள்கையையும், அக்கொள்கைக்கு உறுதி பூண்ட மனிதரையும் குறித்தது. அதே ஆண்டில் வ.உ.சிதம்பரனார் தூத்துக்குடியில் நிறுவிய கப்பல் குழுமம் ‘சுதேசி நாவாய்ச் சங்கம்’ என வழங்கியது. வடசொல்லும் பழந்தமிழ்ச் சொல்லான ‘நாவாயும்’ அருகருகே நிற்கும் அப்பெயரே அக்கால நடைக்கு நல்ல சான்று. எழுத்து வடிவிலும் ஒருமை இல்லை. ‘ஸ்வதேசி’ என்று கிரந்த எழுத்திட்டு எழுதியோரும் உண்டு.

அரசும் இதழ்களைக் கூர்ந்து படித்தது. தமிழ் இதழ்ச் செய்திகளை ஆங்கிலத்தில் பெயர்த்து அறிக்கையாக்க மொழிபெயர்ப்பாளர்கள் இருந்தனர். இதழாசிரியர் நாட்டுப்பற்றாக எழுதியது, ஆள்வோர் கண்ணுக்கு அரச நிந்தனையாகத் தெரிந்தது. 1908இல் வ.உ.சி.க்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சுப்பிரமணிய ஐயர் கைதானார். ‘இந்தியா’ இதழ் புதுச்சேரிக்கு இடம்பெயர்ந்தது. ஆயினும் அக்காலச் செய்தித்தாளிலேயே ‘சுதேச சமஸ்தானம்’ என்னும் தொடரும் இடம்பெற்றது. அது ஆங்கிலேயரின் மேலாண்மைக்கு அடங்கிய மன்னர் நாட்டைக் குறித்தது. ஆட்சியை எதிர்த்தவரும் ஆட்சிக்கு அடங்கியவரும் ஒரே வேர்ச்சொல்லின் நிழலில் நின்றனர்.

இச்சொல்லின் எதிர்ச்சொல் எது? இலக்கண முறைப்படி ‘பரதேசி’ என்றே அமைய வேண்டும். தமிழிலோ அச்சொல் ஊர் ஊராகத் திரியும் இரவலரைக் குறித்துவிட்டது. மான்செஸ்டர் ஆலைத் துணியைப் பரதேசித் துணி என்றால் படிப்போர் நகைத்திருப்பர்! ஆகவே ‘அந்நிய’, ‘விதேசி’ என்பன எழுத்திலும், ‘சீமைத் துணி’ என்பது மக்கள் பேச்சிலும் நிலைத்தன.

காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் ‘சுதேசி’ பெரும்பாலும் கதரோடு பிணைந்தது. விளம்பரப் பக்கங்களிலோ அது சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் முத்திரையாயிற்று. தலையங்கத்தில் தியாகம் கேட்ட சொல், விளம்பரத்தில் காசு கேட்டது. கதர்த் துணியைத் தோளில் சுமந்து விற்ற பெரியார், 1925இல் ‘குடி அரசு’ இதழைத் தொடங்கினார். காங்கிரசை விட்டு விலகியபின் கதரின் பொருளாதாரப் பயனையே அவ்விதழில் கேள்விக்கு உள்ளாக்கினார்.

1948 மார்ச்சு 3இல் புதுக்கோட்டை சென்னை மாகாணத்தோடு இணைந்தது. மற்றச் சமஸ்தானங்களும் ஒவ்வொன்றாக இணைய, ‘சுதேச சமஸ்தானம்’ என்னும் தொடருக்குச் செய்தியில் வேலையில்லாமற் போயிற்று. வணிகப் பக்கத்தில் ‘சுதேசி’ நின்ற இடத்தில் இன்று பெரும்பாலும் நிற்பது ‘உள்நாட்டு’ என்னும் அடைமொழியே.