கோரை சாகவில்லை என்றால்

திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் நெல் பெரும்பாலும் புழுதி விதைப்புதான். வடகிழக்குப் பருவமழையை நம்பிக் காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். மழை விழுந்ததும் நெல்லும் களையும் ஒன்றாக முளைக்கும். நடவு வயலில் நாற்றுக்கு இருக்கிற வயது மூப்பு இங்கே நெல்லுக்கு இல்லை. களையெடுக்க ஆளும் சுலபத்தில் கிடைப்பதில்லை. அப்புறம் மருந்துதான். பரவலாக அடிப்பது பிஸ்பைரிபேக் சோடியம்.

இது செடிக்குள் ஏ.எல்.எஸ். என்ற ஒரே ஒரு நொதியை முடக்குகிறது. வாலின், லியூசின், ஐசோலியூசின் ஆகிய அமினோ அமிலங்கள் அந்த நொதி இல்லாமல் உருவாகாது. களை பட்டினியில் காய்கிறது. நெல் மட்டும் மருந்தைச் சிதைத்துத் தப்பிக்கும். அந்த நொதியின் மரபணுவில் சிறு மாற்றம் கொண்ட களை வயலில் எங்கோ ஒன்று இருந்தால் போதும். மருந்து அதை உண்டாக்குவதில்லை. மற்றதையெல்லாம் கொன்று அதற்கு இடம் ஒழித்துத் தருகிறது. அந்தக் களை வட்டக்கோரையாக இருந்தால், ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும்.

சத்தீஸ்கரிலும் கேரளத்திலும் பிஸ்பைரிபேக்குக்கு அடங்காத வட்டக்கோரை ஏற்கெனவே உறுதியாகியிருக்கிறது. 1990களில் ஹரியானா கோதுமை வயல்களில் ஐசோபுரோட்டுரான் என்ற களைக்கொல்லியை வருஷாவருஷம் அடித்து, களை அதற்கு அடங்காமல் போய், கடைசியில் களை மண்டிய பயிரையே அறுத்து மாட்டுக்குப் போட்டார்கள்.

களை சாகாவிட்டால் உடனே எதிர்ப்புத்திறன் என்று முடிவு கட்டவும் கூடாது. நாலு இலைக்கு மேல் முற்றிய களையில் அடித்திருக்கலாம், மண் காய்ந்திருக்கலாம், அளவு குறைந்திருக்கலாம். அப்போது எல்லாக் களையும் அரைகுறையாக வாடி நிற்கும். எதிர்ப்பு வந்த வயலில் கருகிய கோரைக்குப் பக்கத்திலேயே அதே வயதுக் கோரை பசேலென்று நிற்கும். மறு வருஷம் அந்தத் திட்டு அகலும்.

கடையில் டப்பாவை மாற்றினால் மருந்து மாறிவிடாது. பெயர் வேறு, சரக்கு ஒன்றாக இருக்கலாம். பெனாக்சுலம்கூட அதே நொதியைத்தான் தாக்குகிறது. பெண்டிமெத்தலின் வேறு வழி: முளைவிடும் களையின் செல் பிரிவதைத் தடுக்கும். ஆனால் ஈரம் வேண்டும். முதல் நல்ல மழைக்குப் பின், களை தலைகாட்டுமுன் அடிக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் கோடை உழவுக்குத்தான் முதலிடம். சித்திரை, வைகாசி மழையில் முளைத்ததை உழுது மடக்கினால், எந்த மரபணு மாற்றமும் கலப்பையிடம் செல்லாது. மருந்துக்குத் தப்பிய திட்டைப் பூக்குமுன் கையால் பிடுங்கிவிட வேண்டும். வெளியூர் வயலிலிருந்து நேராக வரும் அறுவடை இயந்திரத்தின் இடுக்குகளில் தங்கிய களை விதையைத் தட்டித் துடைக்காமல் உள்ளே விடாதீர்கள். ஓட்டுநர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும்.