பிழை பிறக்கும் இடம்: அக்ஷன்ஸ்கிரிப்ற் கூறுகளில் வழுக்களையும் முறை

கண்டி மாநகருக்கு அணித்தாய் உடுநுவரைப் பகுதியில் அமைந்த எம்பெக்க தேவாலயம் கதிர்காமத் தெய்வத்துக்கு உரியது. 14ஆம் நூற்றாண்டிலே கம்பளையிலிருந்து அரசு புரிந்த மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் காலத்தது என்பர். அதன் மண்டபக் கூரையில் 26 கைமரங்கள் ஒரே மரமுளையில் வந்து பொருந்தி நிற்கும் அருமைப்பாடு காண்போரை வியப்பில் ஆழ்த்துவது. ஆங்கு ஒவ்வொரு கைமரமும் தனித்தனியே செப்பமுற்றிருத்தல் மாத்திரம் போதாது. பொருத்தும் செப்பமாதல் வேண்டும். பொருத்து நெகிழ்ந்தால், குறை தோன்றும் இடம் கூரையின் ஒரு மூலையாயினும் அதன் காரணம் நடுமுளையிலே இருத்தல் கூடும்.

கணினி மென்பொருளும் இத்தகைய தச்சுத் தொழிலே. சிறுசிறு கூறுகளைத் தனித்தனியே சமைத்து, ஒரு சட்டகத்திற் பொருத்துவதே அதன் நெறி. அங்கும் பிழை தோன்றும் இடம் வேறு. பிறக்கும் இடம் வேறு. இவ்வுண்மையை அக்ஷன்ஸ்கிரிப்ற் என்னும் நிரல்மொழியைக் கொண்டு விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிளாஷ் என்னும் இயங்குபட மென்பொருளுக்கு உரிய நிரல்மொழி அக்ஷன்ஸ்கிரிப்ற். மக்ரோமீடியா நிறுவனம் 2000ஆம் ஆண்டில் பிளாஷ் 5 உடன் அதனை வெளியிட்டது. 2003இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. 2005இல் அந்நிறுவனம் அடோபி நிறுவனத்தின் கைக்கு மாறியபின், 2006இல் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. பிளாஷ் இயக்கிக்கு அடோபி அளித்துவந்த ஆதரவு 2020 டிசெம்பர் 31 உடன் முடிவுற்றது. வழக்கொழிந்த கருவியை ஆராய்வதாற் பயன் என்னை எனின், கருவி ஒழிந்ததேயன்றி, அதிற் கண்ட வழுக்களின் இயல்பு இன்றைய கருவிகளிலும் மாறாதிருக்கின்றது என்க.

பொத்தான், பட்டியல், உரைப்பெட்டி முதலியன ஆயத்தமாகக் கிடைக்கும் கூறுகள். அவை போதாதவிடத்து நிரலாளர் தாமே புதுக் கூறொன்றை ஆக்குவர். ஊர்ப்பெயர் ஒன்றைத் திரையிற் காட்டி, அதில் எத்தனை எழுத்து உள என மாணவனை வினவும் பயிற்சிக் கூறு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் ஆக்கத்தில் நிகழக்கூடிய நான்கு வழுக்களை முறையே ஆராய்வாம்.

அக்ஷன்ஸ்கிரிப்ற்றின் மேல் அமைந்த பிளெக்ஸ் என்னும் சட்டகத்தில் ஒரு கூறு ஐந்து நிலைகளைக் கடக்கின்றது. முதலில் அது பிறக்கின்றது. பின் தன் உட்கூறுகளைப் படைக்கின்றது. தனக்குத் தரப்பட்ட பண்புகளை நிலைப்படுத்துகின்றது. தன் அளவை அறிவிக்கின்றது. ஈற்றில் தன்னை வரைகின்றது. இவ்வொழுங்கைச் சட்டகமே நடத்துகின்றது. நிரலாளர் அதற்கு இசைந்து நடத்தல் வேண்டும்.

முதல் வழு காலத்தைப் பற்றியது. கூறு பிறந்தவுடனே அதற்கு ஊர்ப்பெயர் தரப்படுகின்றது. பெயரைப் பெற்ற வரி, அதனை நேரே உள்ளிருக்கும் உரைப்பெட்டிக்கு அனுப்புகின்றது. உரைப்பெட்டியோ இன்னும் படைக்கப்படவில்லை. உடனே 1009 என்னும் எண்ணுடைய பிழைச்செய்தி எழுகின்றது. இல்லாத பொருளிடம் ஏவல் சொல்லப்பட்டது என்பது அதன் கருத்து. புதிதாகப் பயில்வோர், பெட்டி இருந்தால் மாத்திரம் அனுப்புக என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்து அமைதியடைவர். பிழைச்செய்தி மறையும், அதனுடன் ஊர்ப்பெயரும் மறையும். பேசிய பிழை ஊமைப் பிழையாயிற்று, அவ்வளவே. பெயரை ஒரு மாறியிற் காத்துவைத்து, பண்பு மாறியதெனச் சட்டகத்துக்கு அறிவித்து, பண்புகளை நிலைப்படுத்தும் நிலை வந்தபின் பெட்டிக்கு அளிப்பதே தக்க பரிகாரம்.

இரண்டாம் வழு அளவைப் பற்றியது. கூறு பிழைச்செய்தி எதுவுமின்றி இயங்கும். ஆயின் திரையில் இடமேதும் பெறாது நிற்கும். அளவை அறிவிக்கும் நிலையில் ஒன்றும் எழுதாது விட்டமையால், சட்டகம் அதன் அகலமும் உயரமும் சுழியம் எனக் கொள்கின்றது. அகலத்தைக் கையால் எழுதிவிடுதல் சிலர் வழக்கம். கண்டி என்னும் பெயருக்குப் போதுமான அகலம் நாவலப்பிட்டி என்னும் பெயருக்குப் போதாது. உட்கூறுகளின் அளவைக் கொண்டே தன் அளவைக் கூறு கணித்தல் வேண்டும்.

மூன்றாம் வழு தமிழுக்கே உரியது. கண்டி என்னுஞ் சொல்லில் க, ண், டி என எழுத்து மூன்றே. அதன் நீளம் யாதென அக்ஷன்ஸ்கிரிப்ற்றை வினவினால் ஐந்து என விடை வரும். யூனிக்கோட் முறையில் ககரம், ணகரம், புள்ளி, டகரம், இகரக்குறி என ஐந்து குறியெண்கள் இருத்தலே காரணம். கணினி பொய் உரைக்கவில்லை. நாம் எழுத்தை வினவ, அது குறியெண்ணை எண்ணிற்று. புள்ளியையும் உயிர்க்குறிகளையும் தவிர்த்து ஏனையவற்றை மாத்திரம் எண்ணுமாறு பணித்தால் விடை மூன்றாகும். இது திருத்தப்படாவிடின், மூன்று எனச் சரியாக விடையளித்த மாணவனைக் கூறு தவறென்று தள்ளும். அருகில் ஆசிரியர் இல்லாதவிடத்து, இலக்கணம் அறிந்த பிள்ளை தன் அறிவையே ஐயுறும். ஆகவே இது சிறு வழுவன்று.

நான்காம் வழு மிக நுட்பமானது. பேராதனை என்னும் பெயரில் ஏகாரக் கொம்பும் ஐகாரக் கொம்பும் வருகின்றன. கையால் எழுதுங்கால் இவை மெய்க்கு முன்னே நிற்கும். யூனிக்கோட் சேமிப்பிலோ மெய்க்குப் பின்னேயே நிற்கும். இது தமிழ் மரபுக்கு மாறானதன்று. உயிர்மெய்யில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னுமாக நிற்பதைத் தொல்காப்பியர் அன்றே உரைத்தனர். சேமிப்பு ஒலியின் ஒழுங்கைத் தழுவியது. வரிவடிவம் எழுதுவோர் கையின் ஒழுங்கைத் தழுவியது. ஒன்றை மற்றொன்றாக மாற்றி வரைதல் உரை வரையும் இயந்திரத்தின் கடமையாகும். எழுத்துருவை உள்ளடக்கிய பழைய பிளாஷ் உரைப்பெட்டி இக்கடமையைச் செய்யவில்லை. அதனால் கொம்புகள் மெய்க்குப் பின்னே நின்று, பெயர் உருக்குலைந்தது. 2008இல் வெளியான பிளாஷ் இயக்கி 10 இந்திய மொழிகளின் எழுத்துகளையும் ஒழுங்குற வரையவல்ல புதிய உரை இயந்திரத்தைத் தந்தது. 2010இல் வந்த பிளெக்ஸ் 4 இன் கூறுகள் அதன்மேல் அமைந்தன.

இவ்வழுவுக்குப் பொருந்தாப் பரிகாரங்கள் இரண்டு உண்டு. திரையில் அழகாகத் தோன்றும்பொருட்டுச் சேமிப்பிலேயே கொம்பை முன்னுக்கு நகர்த்துதல் ஒன்று. சொல்லைப் படமாக்கி ஒட்டுதல் மற்றொன்று. இரண்டும் கண்ணுக்கு நிறைவளிக்கும். ஆயின் நகர்த்திய சொல்லைத் தேடினால் அகப்படாது. அகரவரிசைப்படுத்தினால் ஒழுங்கு குலையும். எழுத்தை முறையாக வரையும் மற்றோர் இயந்திரத்துக்குக் கொண்டுசென்றால் மீண்டும் உருக்குலையும். படமோ சொல்லே அன்று. வரைவோன் செய்த பிழைக்குச் சொல்லைத் தண்டித்தல் முறையாகாது.

இனி, வழுநாடும் ஒழுங்கைத் தொகுத்துரைப்பாம். முதற்கண் ஐயத்துக்குரிய கூறினை ஏனையவற்றினின்று பிரித்து, வெற்று அரங்கில் தனியே இயக்கிப் பார்த்தல் வேண்டும். தனியே நன்கு இயங்குமாயின் பிழை பொருத்திலே உள்ளது. இரண்டாவதாக, பிழைச்செய்தியை முழுவதும் படித்தல் வேண்டும். பிளாஷ் இயக்கியின் பொதுப் பதிப்பு பிழைச்செய்திகளைக் காட்டாது மறைத்துவிடும். வழுகாட்டும் பதிப்போ பிழையின் எண்ணையும் அதற்கு இட்டுச்சென்ற அழைப்புகளின் வரிசையையும் தந்தது. மூன்றாவதாக, ஐந்து நிலைகளிலும் ஒவ்வொரு சுவட்டுவரியை இட்டு, எது முந்தியது, எது பிந்தியது என அறிதல் வேண்டும். நான்காவதாக, ஒருகாலத்தில் ஒன்றையே மாற்றல் வேண்டும். இரண்டை மாற்றினால் எது தீர்த்தது என்பது தெரியாது. ஈற்றில், தமிழ்ச் சொற்களைக் கொண்டே சோதித்தல் வேண்டும். கொம்பும் புள்ளியும் வாராத சொல்லால் நடத்திய சோதனை தமிழுக்குப் போதியதன்று. நோயின் முதலை அறிந்தபின்னரே மருந்து செய்க என வள்ளுவர் மருத்துவனுக்கு விதித்த முறை இங்கும் பொருந்துவதாகும்.

2021 சனவரி 12ஆம் திகதி முதல் பிளாஷ் இயக்கி தன்னுள் எவ்வாக்கமும் இயங்காதவாறு தடுத்தது. அந்நாளில் இருவகைப் பாடங்களின் வேற்றுமை வெளிப்பட்டது. சொற்களை முறையான யூனிக்கோட்டிற் காத்து, கூறினின்று பிரித்து வைத்திருந்தவர் அவற்றை அப்படியே புதிய கருவிக்குக் கொண்டுசெல்ல இயன்றது. சொற்களைப் படமாக்கியோர் மீளவும் தட்டச்சிட வேண்டியவராயினர். வழுவை அது பிறந்த இடத்திலே களைந்தவர் உழைப்பு கருவி அழிந்தபின்னும் நின்றது. இன்றைய உலாவிகள் பேராதனையைப் பிழையின்றி வரைகின்றன. எனினும், ஜாவாஸ்கிரிப்ற்றிடம் கண்டியின் நீளத்தை வினவினால் இன்றும் ஐந்து என்றே விடை வருகின்றது. தமிழ்ப் பாடங்களைக் கணினியில் ஆக்கப் புகும் மாணவர் இதனை உளங்கொள்வாராக.